இழுப்பு நின்றால் நோய் நின்றதா?
ஆஸ்துமா மருத்துவம் கடந்து வந்த பாதை



இரவு மூன்று மணி. வீடே உறங்கிக் கொண்டிருக்கிறது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் தோள்கள் ஏறி இறங்குகின்றன. நெஞ்சுக்குள்ளிருந்து விசில் ஊதுவது போன்ற ஓசை வருகிறது. தாய் பதறி எழுந்து அவன் நெஞ்சில் கோடாலித் தைலத்தைத் தடவுகிறார். தந்தை அலமாரியைத் துழாவி, நீல நிறப் 'பம்ப்'பை எடுத்து வருகிறார். அதை அடித்த சிறிது நேரத்தில் மூச்சு மெல்ல மெல்லச் சீராகிறது. காலையில் பையன் ஒன்றும் நடவாததுபோல் பள்ளிக்குப் புறப்படுகிறான். பம்ப் மீண்டும் அலமாரிக்குள் போகிறது. "சரியாகிவிட்டது" என்று வீட்டார் நிம்மதி அடைகின்றனர்.

இக்காட்சி நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் புதியதன்று. ஈளை, இளைப்பு, இழுப்பு, மூச்சிரைப்பு என்று பல பெயர்களால் நாம் வழங்கும் ஆஸ்துமாதான் அது. இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரே ஒரு கேள்வி. இழுப்பு நின்றுவிட்டது, நோய் நின்றுவிட்டதா?

கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் இதற்குச் சரியான விடை காண மருத்துவ உலகிற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. இடையே செய்த தவற்றுக்கு இளம் உயிர்கள் பல விலையாகப் போயின. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டு அலமாரியிலுள்ள மருந்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

முதலில் நோயின் இயல்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். நாம் இழுக்கும் காற்று மூச்சுக் குழாய் வழியாகச் சென்று, மரக்கிளைபோல் பிரிந்து பிரிந்து சிறுத்துச் செல்லும் குழல்கள் வழியே நுரையீரலை அடைகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இக்குழல்களில் மூன்று கோளாறுகள் நேர்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழலின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது. பிசுபிசுப்பான சளி சுரந்து வழியை அடைக்கிறது. இம்மூன்றில் தசை இறுகுவது திடீரென நேரும். மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் தளர்ந்துவிடும். வீக்கமோ அப்படியன்று. அது மெல்ல வளரும், மெல்லத்தான் வடியும். வெளியே ஓசை எதுவும் கேட்காத நாட்களிலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

'ஆஸ்துமா' என்பது கிரேக்கச் சொல். மூச்சு வாங்குதல் என்பது அதன் பொருள். கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் இச்சொல் காணப்படுகிறது. பிற்காலத்தில், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள கப்படோசியாவைச் சேர்ந்த அரெட்டேயஸ் என்னும் மருத்துவர் இந்நோயைத் தெளிவாக வருணித்தார். நோயாளி படுக்க மாட்டார், நிமிர்ந்தே இருப்பார், எவ்வளவு பெரிய வீடும் மூச்சு விடப் போதாததுபோல் தவிப்பார் என்று அவர் குறித்து வைத்தார். நம் நாட்டு மருத்துவமும் இதில் பின்தங்கவில்லை. சரக சம்ஹிதை என்னும் ஆயுர்வேத நூல் மூச்சு நோய்களை ஐந்தாகப் பிரித்து, அவற்றுள் ஒன்றைத் தமக சுவாசம் என்றது. மேகமூட்டம், குளிர், கீழைக்காற்று ஆகியவற்றால் அது மிகும் என்றும், உட்கார்ந்தால் நோயாளிக்குச் சற்றுச் சுகம் கிடைக்கும் என்றும் அந்நூல் கூறுகிறது. நாம் முன்னர்க் கண்ட ஏழு வயதுச் சிறுவன் எழுந்து உட்கார்ந்ததும் இதே காரணத்தால்தான். இரண்டாயிரம் ஆண்டுகளில் நோயின் முகம் மாறவில்லை.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ், இழுப்பால் துன்புற்ற உயர்குடி நோயாளி ஒருவருக்காகத் தனி நூலே எழுதினார். தூய காற்று, அளவான உணவு, ஒழுங்கான உறக்கம் ஆகியவற்றையே அவர் பெரிதும் வலியுறுத்தினார். 1698ஆம் ஆண்டில் ஜான் ஃபுளோயர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஆஸ்துமா பற்றி ஒரு நூலை வெளியிட்டார். அவரே இளமை முதல் இந்நோயால் வருந்தியவர். மூச்சுக் குழல்கள் சுருங்குவதே துன்பத்துக்குக் காரணம் என்று அவர் எழுதினார். அது உண்மைதான், ஆனால் உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. அந்த ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டுதான் அடுத்த இருநூற்றைம்பது ஆண்டு மருத்துவம் பெரும்பாலும் நடந்தது.

நேயர்களே, இவ்விடத்தில் தமிழ்நாட்டுக்கும் உலக மருத்துவ வரலாற்றுக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஊமத்தையைப் புகைத்தால் இழுப்பு தணியும் என்னும் முறையை அவர் பரிந்துரைத்து வந்தார். ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர் 1802ஆம் ஆண்டில் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். வேலியோரத்திலும் குப்பைமேட்டிலும் தானே முளைக்கும் நம் ஊர் ஊமத்தை இவ்வாறு ஐரோப்பிய மருத்துவத்துக்குள் நுழைந்தது. பின்னர் அங்கேயே விளையும் ஊமத்தை இனம் பயன்படுத்தப்பட்டது. ஊமத்தை இலையைச் சுருட்டி 'ஆஸ்துமா சிகரெட்' என்று கடைகளில் விற்றார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் அவ்விற்பனை நீடித்தது.

ஊமத்தையில் உள்ள அட்ரோபின் போன்ற பொருள்கள் மூச்சுக் குழல் தசையைத் தளர்த்தும் என்பது மெய்தான். ஆனால் அதே செடி மனத்தைக் கலக்கும். அளவு மீறினால் உயிரையும் கொல்லும். ஆகவே இதைக் கேட்டுவிட்டு எவரும் ஊமத்தையைத் தேடிப் போக வேண்டா.

வேறு வழிகளும் இருந்தன. 1860இல் ஆஸ்துமாவைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய ஹென்றி ஹைட் சால்ட்டர் என்னும் ஆங்கிலேய மருத்துவரும் ஓர் இழுப்பு நோயாளிதான். பாலில்லாத கடுங்காப்பியைச் சிறந்த மருந்து என்று அவர் கூறினார். சீனத்தில் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு வந்த மா ஹுவாங் என்னும் மூலிகையிலிருந்து 1885இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி எஃபெட்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1901இல் மற்றொரு ஜப்பானியரான தாக்காமினே அட்ரினலினைத் தூய நிலையில் பெற்ற செய்தி வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் அது ஆஸ்துமாவுக்கு ஊசி மருந்தாயிற்று.

ஊமத்தைப் புகை, காப்பி, எஃபெட்ரின், அட்ரினலின் ஆகிய இவை அனைத்தும் செய்தது முக்கியமாக ஒரே வேலையைத்தான். இறுகிய தசையைத் தளர்த்தின. இழுப்பு நின்றது. நோயாளி நன்றி சொன்னார். மருத்துவரும் மனநிறைவு அடைந்தார். ஆனால் அடுத்த இரவே இழுப்பு மறுபடியும் வந்தது.

ஏன் மறுபடியும் வருகிறது? இக்கேள்விக்கு விடை வேறொரு திசையிலிருந்து கிடைத்தது. 1906இல் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே என்னும் மருத்துவர் 'அலர்ஜி' என்னும் சொல்லைப் படைத்தார். மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத பொருளைச் சிலருடைய உடல் மட்டும் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுப்பதை இன்று இச்சொல்லால் குறிக்கிறோம். தமிழில் ஒவ்வாமை என்கிறோம். ஆஸ்துமா நோயாளிகளில் எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் மிகப் பலருக்கு ஒவ்வாமையே நோய்க்குத் துணை நிற்கிறது.

வீட்டுத் தூசியால் இழுப்பு வருகிறது என்பது பழங்காலத்திலிருந்தே தெரியும். தூசியில் அப்படி என்ன இருக்கிறது? 1964ஆம் ஆண்டு நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள், ஃபூர்ஹோர்ஸ்ட் என்பவரின் தலைமையில், இதற்கு விடை கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு தூசிப்பூச்சியே முதன்மையான குற்றவாளி. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று, மெத்தையிலும் தலையணையிலும் அது வாழ்கிறது. அதன் கழிவே ஒவ்வாமையை மூட்டுகிறது. ஈரப்பதமுள்ள வெப்பக் காற்று அதற்கு மிகவும் பிடிக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் அதற்கு ஏற்ற இடங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. புளோமியா டிராப்பிக்காலிஸ் என்னும் வெப்பமண்டல இனம் நம் வட்டார வீடுகளில் பெருமளவில் காணப்படுகிறது.

1966, 1967ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவில் ஆய்வு நடத்திய இஷிஸாக்கா என்னும் ஜப்பானியத் தம்பதியரும், சுவீடனைச் சேர்ந்த ஜோஹான்சன், பென்னிச் ஆகியோரும் ஒவ்வாமைக்குத் தூதுவனாக இரத்தத்தில் இயங்கும் எதிர்ப்பொருளைத் தனித்தனியே கண்டறிந்தனர். இதற்கு முன்பெல்லாம் ஆஸ்துமா மனக்கோளாறு என்றும், தாய் பிள்ளையை வளர்த்த முறையே காரணம் என்றும் சொன்னவர்கள் இருந்தார்கள். நோயுற்ற பிள்ளையை இரவெல்லாம் மடியில் ஏந்திய தாய்மார், அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தார்கள். மன உளைச்சல் இழுப்பைத் தூண்டக்கூடும். ஆனால் அது நோயின் வேர் அன்று.

இனி, நம் கதையின் துயரமான பகுதிக்கு வருகிறோம். 1955இல் அமெரிக்காவில் சூசி மேசன் என்னும் 13 வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் அவதிப்பட்டாள். அந்நாளில் மருந்தைக் கண்ணாடிக் கருவியில் ஊற்றி, இரப்பர்க் குமிழைக் கையால் அழுத்தி அழுத்தி உள்ளிழுக்க வேண்டும். கூந்தலுக்கு அடிக்கும் ஸ்பிரேயைப்போல் மருந்தை ஏன் ஒரு குப்பியில் அடைக்கக்கூடாது என்று அவள் தன் தந்தையிடம் கேட்டாள். தந்தையோ ஒரு மருந்து நிறுவனத்தின் தலைவர். மறு ஆண்டே, 1956இல், அளவாக மருந்தைப் பீய்ச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. இன்று நம்மவர் 'பம்ப்' என்று அழைக்கும் கருவி ஒரு சிறுமியின் கேள்வியால் பிறந்தது.

அது பெரும் வரமாகவே வந்தது. ஆனால் 1960களில் ஒரு விபரீதம் நேர்ந்தது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் ஆஸ்துமாவால் இறக்கும் இளையோரின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5 வயது முதல் 34 வயது வரை உள்ளோரிடையே இறப்பு விகிதம் சில ஆண்டுகளில் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. பள்ளிப் பிள்ளைகளிடையே ஏற்றம் இன்னும் கடுமையாக இருந்தது. நல்ல மருந்து வந்த பிறகு மரணம் கூடுவானேன்?

ஐசோபிரினலின் என்னும் மருந்தைப் பன்மடங்கு செறிவாக்கிய பம்ப் ஒன்று அந்நாடுகளில் விற்கப்பட்டது. அது விற்கப்படாத அமெரிக்காவில் அத்தகைய மரண ஏற்றம் காணப்படவில்லை. எச்சரிக்கை விடுக்கப்பட்டு விற்பனை குறைந்ததும் இறப்புகளும் குறைந்தன. நியூசிலாந்தில் 1970களின் பிற்பகுதியில் இத்துயரம் மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை ஃபெனோட்டரால் என்னும் மருந்தின்மீது ஐயம் எழுந்தது. 1989இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் அதனை வெளியிட்டு, மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தபின் மரணங்கள் வேகமாகக் குறைந்தன.

இம்மரணங்களுக்கு மருந்தின் கடுமை மட்டும்தான் காரணமா என்று மருத்துவர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். ஆனால் ஒன்று அனைவருக்கும் பாடமாயிற்று. பம்ப் அடித்தால் தசை தளர்கிறது, மூச்சு எளிதாகிறது, நோயாளி தேறிவிட்டதாக நினைக்கிறார். உள்ளே வீக்கமும் சளியும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. மறுபடியும் அடிக்கிறார், சற்றுக் குறைவாகவே கேட்கிறது. மீண்டும் மீண்டும் அடிக்கிறார். மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது. கூரை எரியும்போது, புகை கண்ணில் படாமலிருக்கச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு உறங்கப் போவதை இது ஒக்கும்.

இத்தனைக்கும், இந்த வீக்கம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1892இலேயே வில்லியம் ஓஸ்லர் தம் மருத்துவப் பாடநூலில் சிறு மூச்சுக் குழல்களின் அழற்சியைக் குறிப்பிட்டிருந்தார். அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு 1950இல் நோபல் பரிசுக்கு உரியதாயிற்று. ஆயினும் மாத்திரையாக நீண்ட நாள் உண்டால் எலும்பு மெலிதல், முகம் ஊதுதல் போன்ற கேடுகளை அது விளைவித்தது. 1972இல் பெக்லோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, உள்ளிழுக்கும் பம்பாக வந்தபோதுதான் வழி பிறந்தது. தேவைப்படும் இடத்துக்கு மட்டும் மருந்து மிகச் சிறிய அளவில் சென்றது.

'ஸ்டீராய்டு' என்றதும் நம் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அளவைக் கவனியுங்கள். பிரெட்னிசலோன் என்னும் சிறு மாத்திரை ஒன்றில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. பெக்லோமெத்தசோன் பம்பை ஒரு முறை அடித்தால் வருவது 50 அல்லது 100 மைக்ரோகிராம். வேறு மருந்துகளாயினும் எடை வேறுபாடு எவ்வளவு என்பது தெரிகிறதல்லவா? பம்ப் அடித்தபின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண் போன்ற சிறு தொல்லைகளையும் பெரிதும் தவிர்க்கலாம்.

இம்மருந்தின் பயனைக் கனடாவின் சஸ்காச்சுவன் மாநிலப் பதிவேடுகள் மெய்ப்பித்தன. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வின்படி, உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை ஓராண்டில் கூடுதலாக ஒரு குப்பி பயன்படுத்திய ஒவ்வொரு நிலையிலும் ஆஸ்துமா மரணம் 21 விழுக்காடு குறைந்தது. அதை நிறுத்தியவர்களுக்கு நிறுத்திய முதல் சில மாதங்களில் ஆபத்து கூடியது. பின்லாந்து 1994இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டம் இம்மருந்தை நாடெங்கும் பரப்பி, ஆஸ்துமா நோயாளிகள் மருத்துவமனையில் தங்கும் நாட்களைப் பாதியளவுக்குக் குறைத்தது. இறுதியில், 2019ஆம் ஆண்டில், உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டிக் குழு தன் பழைய பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களும் பதின்ம வயதினரும் உடனடி நிவாரணப் பம்பை மட்டும் தனியே நம்பியிருத்தல் கூடாது. அழற்சி தணிக்கும் மருந்து ஏதேனும் ஒரு வகையில் சேர வேண்டும் என்று அது அறிவித்தது. இரண்டாயிரம் ஆண்டுக் கேள்விக்கு இதுவே விடை. இழுப்பு நின்றது; ஆனால் நோய் நிற்கவில்லை.

இவ்வரலாறு நம் வீட்டுக்குச் சொல்லும் செய்தி என்ன?

முதலாவது, உங்கள் வீட்டுப் பம்ப் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். நீல நிறப் பம்ப் பெரும்பாலும் உடனடி நிவாரணத்துக்குரியது. பழுப்பு, ஆரஞ்சு, ஊதா போன்ற நிறங்களில் வருபவை பெரும்பாலும் நோயைக் கட்டுப்படுத்துபவை. நிறம் மாறுபடலாம்; ஆகவே மருந்தின் பெயரை மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கட்டுப்படுத்தும் மருந்தை, இழுப்பு இல்லாத நாளிலும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். நலமாக இருக்கிறதே என்று நாமே நிறுத்திவிடலாகாது. அந்த மருந்தால்தான் நலமாக இருக்கிறது.

இரண்டாவது, நீலப் பம்பின் தேவை கூடுகிறதா என்று எண்ணுங்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டாலோ, இரவில் இருமலோ இழுப்போ உறக்கத்தைக் கெடுத்தாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்பது பொருள். கிளினிக்கில் 'கேஸ்' பிடித்துவிட்டு வீடு திரும்புவதோடு கடமை முடிந்ததாகக் கருத வேண்டா. அது ஏன் தேவைப்பட்டது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்றாவது, பம்ப் அடிக்கும் முறை. நாம் அடிக்கும் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடுகிறது. 'ஸ்பேசர்' எனப்படும் குழாயைப் பொருத்தி இழுத்தால் மருந்து நன்றாக உள்ளே செல்லும். பிள்ளைகளுக்கு இது இன்றியமையாதது.

நான்காவது, தூண்டும் பொருள்களைக் குறைத்தல். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை, 60 பாகை வெப்பமுள்ள நீரில் துவைத்தால் தூசிப்பூச்சி மடியும். கரப்பான் பூச்சியின் எச்சமும் ஒவ்வாமை தரும். உணவை மூடி வையுங்கள். வீட்டுக்குள் சிகரெட் வேண்டவே வேண்டா. ஊதுவத்தியும் சாம்பிராணியும் நம் வழிபாட்டோடு கலந்தவைதான். ஆயினும் நோயாளி உள்ள வீட்டில் புகையைக் குறைத்து, சன்னலைத் திறந்து வைப்பது நல்லது. 1997, 2013, 2015ஆம் ஆண்டுகளில் நம் வானத்தை மறைத்த புகைமூட்டத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாட்களில் வெளி நடமாட்டத்தைக் குறைத்து, மருந்தைத் தவறாமல் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆபத்தின் அறிகுறிகள். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்கிறது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுக்கிறது. பம்ப் அடித்தும் தேறவில்லை. இவற்றுள் ஒன்று கண்டாலும் நேரத்தைக் கடத்தாதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்னும் எண்ணை உடனே அழையுங்கள். உதவி வரும்வரை நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, நிவாரணப் பம்பைத் தொடர்ந்து கொடுங்கள். இழுப்பு ஓசை திடீரென அடங்கி, ஆனால் நோயாளி சோர்ந்து துவண்டால், அது குணம் அன்று. காற்றே உள்ளே செல்லவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

நேயர்களே, அந்த ஏழு வயதுச் சிறுவன் காலையில் பள்ளிக்குப் போகிறான். அவனை ஓடாதே, விளையாடாதே என்று முடக்கி வைக்கும் காலம் போய்விட்டது. நோய் கட்டுக்குள் இருந்தால், மற்றப் பிள்ளைகளைப்போல் அவனும் பந்து விளையாடலாம், நீந்தலாம். அதற்கு அவன் பெற்றோர் செய்ய வேண்டியது, "சரியாகிவிட்டது" என்று சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவதுதான். நீலப் பம்ப் அந்த இரவைக் காப்பாற்றியது. அடுத்த இரவைக் காப்பாற்றும் மருந்து எது என்று கேட்க, அந்த வாரமே அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.